பின்பக்கத்தை வெட்டாதீர்கள்

சென்ற மாதம் என் தம்பி மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, "பெரியப்பா, ஒரு பழைய ஜீப் வாங்கிட்டேன். ரெஸ்டோர் பண்ணப் போறேன், வாங்க காட்டுறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

உத்தமபாளையத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு. அதில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நீள பாடி ஜீப் ஒன்று நின்றது. நாலு டயரும் தரையோடு ஒட்டிக்கிடந்தன. டிரைவர் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. 1981-ஆம் வருடத்து வண்டி. தேனி மாவட்டமே பிறக்காத காலம், எல்லாம் மதுரைதான். படுதா கிழிந்து தொங்கினாலும் பின்பக்கத்து இரண்டு பெஞ்சுகளும், மேலே பிடித்துக்கொள்ளும் கம்பியும் அப்படியே இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் காலத்துப் பையனுக்கு இப்படி ஒரு ஆசையா என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

பிறகுதான் செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினான். குட்டையாக ஒரு ஜீப். பச்சை பெயிண்ட். பானட்டில் பெரிய வெள்ளை நட்சத்திரம். பின்னால் ஒரு பெட்ரோல் கேன், பக்கவாட்டில் ஒரு மண்வெட்டி, டிராக்டர் டயர் மாதிரி டயர்கள். "இப்படி ஆக்கணும் பெரியப்பா. மெக்கானிக்கிட்ட பேசியாச்சு. பின்பக்கம் ரெண்டரை அடி வெட்டி, சேசிஸைக் குட்டையாக்கி, பானட்டை இறக்கி, முன்கிரில்லை மாத்திட்டா அசல் வில்லீஸ்தான்."

கோழியைக் கலைக்காமல் அங்கேயே நின்று சண்டை போட்டோம். வீட்டுக்கு வந்தும் விட்டபாடில்லை. அவனிடம் கோபத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். ஏனென்றால் இது என் தம்பி மகன் ஒருவனுடைய பைத்தியம் இல்லை. கம்பம், போடி, சின்னமனூர் என்று எங்கே பழைய ஜீப் கிடந்தாலும் தேடி வந்து வாங்குகிறார்கள். வாங்குவது நல்லதுதான். வாங்கிய பிறகு செய்கிற காரியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் அந்த நட்சத்திரம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லீஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. நேச நாட்டு வண்டி என்று அடையாளம் தெரியப் போட்டதுதான் அந்த வெள்ளை நட்சத்திரம். போர் முடிந்ததும் இந்தியாவில் விட்டுப்போன ஜீப்புகள் டிஸ்போசலில் ஏலம் போயின. அப்படி வந்த அசல் வண்டி இன்று ஒருவரிடம் இருந்தால், அவர் அந்த நட்சத்திரத்தைப் போட்டுக்கொள்ளட்டும். அது அந்த வண்டியின் சரித்திரம்.

நம்மூர்க் கொட்டகையில் நிற்பது அது இல்லை. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. ராணுவ ஜீப்பின் முகத்தில் ஒன்பது கோடுகள் இருக்கும். பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் ஏழு. பிறகு 1953-இல் வில்லீஸ் ஒரு புது என்ஜினைப் போட்டார்கள். பழைய என்ஜினைவிட அது உயரம். பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் பானட்டைத் தூக்கி வைத்தார்கள். நம்ம மெக்கானிக்குகள் 'ஹை பானட்' என்று சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் அந்த மாடலை 1968-இல் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் நிறுத்திய அந்தத் தூக்கிய நெற்றி, நம் நாட்டில் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. நாம் பிறந்து வளர்ந்து பார்த்த ஜீப்பின் முகம் அதுதான். அதைச் சப்பையாக்கி, ஏழு கோட்டை ஒன்பது கோடாக்கி, நட்சத்திரம் ஒட்டினால் என்ன கிடைக்கும்? வலதுபக்க ஸ்டியரிங் வைத்த ஒரு அமெரிக்க ராணுவ ஜீப் கிடைக்கும். அசல் ஜீப்பில் ஸ்டியரிங் இடதுபக்கம். வேஷம் கட்டினாலும் ஒழுங்காகக் கட்ட வேண்டாமா!

சரி, அது போகட்டும். என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன். எங்கள் ஆபீஸ் ஜீப் ஓடி ஓடித் தேய்ந்து ஒருநாள் 'கண்டம்' ஆனது. ஏலம் விட்டார்கள். எடுத்தவர் ஒரு ஏலத்தோட்டத்துக் காண்டிராக்டர். "ஏலத்துல எடுத்த வண்டி ஏலத்துக்கே போயிருச்சு" என்று டிரைவர் அண்ணன் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி உட்கார்ந்து போன வண்டி அதற்குப் பிறகும் பல வருடம் மலை ஏறியது. இந்தமுறை அதில் போனவர்கள் வேறு ஆட்கள்.

யார் அவர்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. மலை அந்தப் பக்கம் போனது, மலையில் வேலை செய்யும் கைகள் இந்தப் பக்கம் இருந்தன. விடிவதற்கு முன் கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராக ஜீப் நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக, குமுளி வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை என்று ஏலக்காட்டுக்குப் போவார்கள். இருட்டுகிற நேரம் இறங்கி வருவார்கள். இன்றும் போகிறார்கள். வண்டிகள்தான் மாறிக்கொண்டு வருகின்றன.

என் அக்காவும் அப்படிப் போனவள்தான். 1986-இல் அத்தான் இறந்தபோது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், கையில் ஒன்றுமில்லை. நான் அப்போது சின்னச் சம்பளக்காரன். "உன் குடும்பத்தை நீ பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டாள். 22 வருடம். மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு வருவாள். சேலையில் பச்சை ஏலக்காய் வாசமும் டீசல் வாசமும் கலந்து அடிக்கும். இரண்டு பிள்ளைகளும் படித்து, வேலைக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது.

அந்த ஜீப் பயணத்தை நான் புகழ்ந்து பாட வரவில்லை. பத்துப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினெட்டுப் பேரை அடைத்தார்கள். கொண்டை ஊசி வளைவில் கதவுக்குப் பதில் ஒரு சங்கிலிதான் காவல். விபத்துகள் நடந்தன. காலையில் போனவர்கள் மாலையில் திரும்பாத வீடுகள் நம் ஊர்களில் உண்டு. யாரும் இதை மறைக்க வேண்டாம். அந்த அநியாயத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பின்பக்கம் சாட்சி. எத்தனை அகலப் பெஞ்சு, எத்தனை முழங்கால் இடித்திருக்கும், எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அதைப் பார்த்தால்தான் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.

வெட்டி எடுக்கப்போவது அதைத்தான். என்ஜின் இருக்கும், சக்கரம் இருக்கும், டிரைவர் சீட்டு இருக்கும். பெண்கள் உட்கார்ந்த இரண்டரை அடி மட்டும் காயலான் கடைக்குப் போய்விடும். நாஸிக் பக்கமோ கொச்சி பக்கமோ ஒரு ஷோரூமில் நிற்க வேண்டிய வண்டி மாதிரி ஒன்று நம் ஊரில் நிற்கும். அதற்குப் பெயர் ரெஸ்டோர் பண்ணுவதா? தமிழில் 'மீட்பது' என்று சொல்கிறோம். எதை மீட்டாய் என்று கேட்டால் பதில் வேண்டாமா?

இதற்கு என் தம்பி மகன் மூன்று பதில் வைத்திருந்தான். நியாயமாக மூன்றையும் எழுதுகிறேன்.

"என் காசு, என் வண்டி" என்பது முதல் பதில். காசு உன்னுடையதுதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988-ஆம் வருடச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் திருத்திய சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். சேசிஸை வெட்டுவது ஒன்று, பாடியை மாற்றுவது இன்னொன்று என்று எண்ணிக்கொள்ளலாம். அந்தப் பச்சை பெயிண்டும் அப்படித்தான். ஆலிவ் கிரீன் நிறம் ராணுவ வண்டிக்கு மட்டும்தான் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி சொல்கிறது. வெட்டி ஒட்டிய வண்டி நாளை மலைப்பாதையில் யார்மீதாவது மோதினால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது ஆர்.சி.யையும் வண்டியையும்தான்.

"நான் வாங்கலேன்னா இது காயலான் கடைக்குத்தானே போயிருக்கும் பெரியப்பா?" என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். தோப்புக்காரர் எடைக்குப் போடத்தான் இருந்தார். பாதியாவது பிழைக்கட்டுமே என்று இவன் கேட்கிறான். ஆனால் காயலான் கடைக்குப் போன வண்டி, 'இது போய்விட்டது' என்றாவது நமக்குச் சொல்லும். வேஷம் கட்டிய வண்டி பொய் சொல்லிக்கொண்டு ரோட்டில் திரியும். பத்து வருடம் கழித்து இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து, நம்ம பள்ளத்தாக்கில் அமெரிக்க ராணுவம் வந்து போனது போல என்று நினைத்துக்கொள்ளும். தன் பாட்டி அதில் போனாள் என்று ஒருவருக்கும் தோன்றாது. மேலும், அவன் முன்னால் இருந்தது இரண்டு வழி மட்டும் இல்லை. உள்ளது உள்ளபடி சரி செய்வது மூன்றாவது வழி. வெட்டுகிற செலவைவிட அது கூடுதலாகவும் ஆகாது.

"அசல் வில்லீஸ்தானே இதுக்கு அப்பன்?" என்பது மூன்றாவது. ஆமாம். அதற்காக உன்னைப் பிடித்து, உன் தாத்தா மாதிரி குடுமி வைத்து, பாஸ்போர்ட் போட்டோ எடுத்தால் ஒத்துக்கொள்வாயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் சிரித்தான்.

அவன் மனம் கொஞ்சம் அசைந்தது வேறு ஒரு கணக்கில். 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகள், சேசிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவத்தில் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதியலாம். மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்று எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு ஆகாது, கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்கப் போவது இப்படித்தான் எடுக்கலாம். இவனுடைய ஜீப்புக்கு 2031-இல் 50 வருடம். இன்னும் சில வருடம் பொறுத்தால் சட்டமே அதற்கு மாலை போடும். இன்று வெட்டினால் அந்தத் தகுதியை வெல்டிங் மேடையிலேயே இழந்துவிடும். அசலாக இருப்பதற்குத்தான் மதிப்பு என்று நான் சொன்னால் கிழவன் புலம்பல். கெஜட்டில் வந்தால் யோசிக்கிறான்!

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம மலை ஜீப்புகள் பலவும் அசலாக இல்லை. பெட்ரோல் கட்டுபடியாகாமல் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றியவர்கள் ஏராளம். அதை நான் குறை சொல்லமாட்டேன். அது பிழைப்புக்காகச் செய்த மாற்றம், வண்டியை ஓட வைக்கச் செய்த மாற்றம். ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றவில்லை என்றால் வாங்குவதற்கு முன்பே நூறு தடவை யோசியுங்கள். 'விண்டேஜ்' பதிவு அந்த வண்டிகளுக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் என்ன? ஒழுங்காக எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டுங்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதுதான். ஆனால் அது ஒரு உண்மையான வண்டியாக இருக்கும்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறேன்? நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஜீப் டிரைவர்களோடு பாதி ஆயுளைக் கழித்தவன் என்ற உரிமையில் நாலு வார்த்தை.

முதலில் பேப்பர். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். கேரளப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, பதிவை மாற்ற வேண்டும். ஓனர் இறந்துபோன வண்டி என்றால் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். பேப்பர் இல்லாத ஜீப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தோட்டத்து பொம்மைதான்.

அடுத்தது சேசிஸ். ஸ்டியரிங் பெட்டி உட்காருகிற இடம், ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடம், பாடி போல்ட் இறங்குகிற இடம். மலையில் ஓடிய வண்டி அங்கேதான் விரிசல் விடும், அங்கேதான் துரு தின்னும். துருப்பிடித்த தகட்டை மட்டும் எடுத்துவிட்டு அதே கனத் தகடு போட்டு வெல்டு வைக்கலாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் கஞ்சத்தனம் வேண்டாம், எல்லாம் புதிதாகப் போடுங்கள். என் சண்டை புது சாமானோடு இல்லை. பழைய வடிவத்தை அழிப்பதோடுதான்.

முக்கியமாக, போடியிலும் கம்பத்திலும் இன்னும் இருக்கிற பழைய ஜீப் மெக்கானிக்குகளைத் தேடிப் போங்கள். கியர் பாக்ஸ் சத்தத்தைக் காதால் கேட்டே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவர்கள் அவர்கள். முன் ஆக்சிலை எப்போது மாட்ட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிற பாடம், எந்த வீடியோவிலும் முழுசாகக் கிடைக்காது. எல்லோருக்கும் எழுபது தொட்டுவிட்டது. அவர்கள் பட்டறைக்கு இன்று வருகிற வேலை எல்லாம் வெட்டுகிற வேலையாக இருந்தால், சரி பண்ணுகிற வேலையை அவர்களுடைய பையன்கள் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்?

கடைசியாக ஒன்று. டிராக்டர் டயர் போட்டதும் ஓடையிலும் காட்டிலும் இறங்கத் தோன்றும். மேகமலை 2021-இல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். காப்புக்காட்டுக்குள் வழியில்லா வழியில் வண்டி இறக்குவது குற்றம். நம்ம ஜீப் டிரைவர்கள் கரடு முரடில் ஓட்டியது வீரம் காட்ட இல்லை. மேலே வேலை இருந்தது, நல்ல ரோடு இல்லை, அவ்வளவுதான். இன்றும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். ஒருவரும் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சேற்றை வாரி இறைக்கமாட்டார். டயர் விலை அவருக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லியும் இவன் மசியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தவன், பேச்சோடு பேச்சாக, "அத்தை, நீங்க போன மாதிரி ஜீப் ஒண்ணு வாங்கியிருக்கேன்" என்றான். அக்கா உடனே பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனோம்.

அக்கா முன்பக்கம் போகவே இல்லை. ஏழு கோடா ஒன்பது கோடா என்பதெல்லாம் அவளுக்கு எதற்கு? நேராகப் பின்பக்கம் போனாள். ஏற முடியவில்லை. கீழே நின்றபடியே கையை நீட்டி அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். "நான் எப்பவும் இந்த ஓரந்தான்ப்பா. ஓரத்துல உக்காந்தா வாந்தி வராது. ஆனா மழை பெஞ்சா நம்மதான் முதல்ல நனையணும்" என்றாள். பிறகு பெஞ்சைத் தடவிவிட்டு, "இதுக்கு ரெக்சின் தச்சுப் போடுறா. வெறும் தகரமா இருந்துச்சு, இடுப்பே போயிருச்சு" என்றாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. வெட்டப்போவதாகவும் சொல்லவில்லை, வெட்டமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெங்களூருக்குத் திரும்பும்போது மெக்கானிக்கிடம் "முதல்ல பிரேக் வேலையை மட்டும் பாருங்கண்ணே, பாடிக்கு நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தோப்பிலோ, கொட்டகையிலோ, அண்ணன் தம்பி பாகத்திலோ இப்படி ஒரு ஜீப் கிடக்கும். வாங்க ஆள் வரும். நல்ல விலையும் கேட்பார்கள். தாராளமாகக் கொடுங்கள், வைத்துக்கொண்டு துருப்பிடிக்க விடுவதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பின்பக்கத்தை என்ன பண்ணப் போறே தம்பி?"

பதிலைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.